உரிமை வழக்கு: காலமும் இடமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்னிசையும் நாடகமும் நிகழவிருக்கும் இம்மேடையில் வழக்குத் தொடுப்பதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். மங்கல நாளுக்கு ஒவ்வாத பொருளென்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், ஊரை விட்டுத் தில்லிக்கு வந்து வாழும் நம்மவர்க்குப் பெரும்பாலும் இருவகை உடைமைகள் உண்டு. இங்கே பிறருக்குக் கொடுத்து வைத்த பணம் ஒன்று. அங்கே விட்டுவந்த நிலமும் வீடும் மற்றொன்று. இவற்றைப் பலர் இழப்பது உரிமை இல்லாமையால் அன்று. எக்காலத்திற்குள், எந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று அறியாமையால்.

முதலில் காலம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கடனாகக் கொடுத்த பணத்தை மீட்க வழக்கிடுவதற்கு 3 ஆண்டுகளே உண்டு. அந்த மூன்றாண்டு எந்நாளில் தொடங்குகிறது? "கேட்டும் அவர் தர மறுத்த நாளில்" என்றே பலரும் கருதுகின்றனர். அது பிழை. கேட்கும்போது தருவதாக எழுதிக் கொடுத்த புரோநோட்டுக்கு, நோட்டில் கண்ட தேதியிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிடும். கெடுக் குறிக்காமல் கைமாற்றாகக் கொடுத்த பணத்திற்கும் கொடுத்த நாளே தொடக்கம். வாங்கியவர் நம் ஊர்க்காரர். மகள் திருமணத்திற்கென்று வாங்கினார். முகத்தை முறித்துக் கொண்டு கேட்பதெப்படி என்று பொங்கலுக்குப் பொங்கல் பொறுத்திருக்கிறோம். நான்காம் பொங்கலன்று கடன் இருக்கும். வழக்கிடும் வாய்ப்பு இராது. பிரதிவாதி அதைச் சுட்டிக் காட்டாவிட்டாலும், காலங்கடந்த வழக்கை நீதிமன்றம் தானாகவே தள்ளியாக வேண்டும். வக்கீல் நோட்டீசு அனுப்பிவிட்டால் காலம் நின்றுவிடும் என்றும் ஒரு நம்பிக்கை நம்மிடையே உலவுகிறது. கடன் வழக்கில் நோட்டீசு ஒரு நாளைக்கூட நிறுத்தாது.

வேறு வழி உண்டு. மூன்றாண்டு முடியுமுன், "இத்தொகை நான் தரவேண்டியுள்ளது" என்று கடன்பட்டவர் எழுதிக் கையொப்பமிட்டால், அந்நாள் முதல் புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். ஒரு பகுதியைச் செலுத்தித் தம் கையாலேயே குறித்துக் கொடுத்தாலும் அவ்வாறே. பகைத்துக் கொள்ளாமல் கேட்டு வாங்கக்கூடிய ஒரு வரி அது. கேட்பதற்கு நாணுவோர், அந்த நாணத்தின் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிலத்திற்குக் கெடு நீண்டது. ஊரில் நம் வீட்டில் உறவினர் குடியிருப்பதனால் மட்டும் நம் உரிமை போய்விடாது. ஆனால் நம் உரிமையை மறுத்து, தமதென்றே அவர் வெளிப்படையாக ஆளத் தொடங்கிய நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் சுவாதீனம் கேட்டு வழக்கிட வேண்டும். ஆயிரம் கல் தொலைவில் இருப்பவர்க்கு அந்நாள் எதுவென்று தெரிவதே அரிது. ஆகையால் வில்லங்கச் சான்றை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதும், வரி இரசீது யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிப்பதும் நலம்.

இனி இடம். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதனை வகுத்துள்ளது. பணம் பற்றிய வழக்கைப் பிரதிவாதி வாழும் இடத்திலோ, தொழில் புரியும் இடத்திலோ, வழக்குக்குரிய காரணம் முழுவதுமோ ஒரு பகுதியோ நிகழ்ந்த இடத்திலோ தொடுக்கலாம். தில்லியில் கொடுத்து, தில்லியிலேயே எழுதி வாங்கிய கடனுக்கு, வாங்கியவர் திருநெல்வேலிக்குத் திரும்பிவிட்டாலும், இங்கேயே வழக்கிடலாம். கும்பகோணத்து நிலத்தின் சுவாதீனத்திற்கோ பாகப்பிரிவினைக்கோ கும்பகோணத்தைத் தம் எல்லைக்குள் கொண்ட நீதிமன்றத்திற்கே செல்ல வேண்டும். பிரிக்க வேண்டிய குடும்பச் சொத்து அங்கே ஒரு வீடும் இங்கே ஒரு வீடுமாக இருப்பின், இரண்டில் ஓரிடத்தில் தொடுக்கலாம். நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் நடத்திய வழக்கு அதிகார எல்லை இல்லாத நீதிமன்றத்தில் போடப்பட்டிருந்தால், அங்குக் கழிந்த நாட்களைச் சட்டம் கழித்துக் கொடுக்கும். அசட்டையாக இருந்தவர்க்கு அச்சலுகை இல்லை.

ஊரிலுள்ள தம்பிக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே நிம்மதியாக இருக்கலாமா? மனுவில் கையொப்பமிடுவது, வக்கீலை அமர்த்துவது ஆகியவற்றைத் தம்பி செய்யலாம். ஆனால் உங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்திக்கு உங்களுக்குப் பதிலாக அவர் சாட்சி சொல்ல இயலாதென்று 2004-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு ஒருமுறையேனும் நீங்களே கூண்டேற வேண்டியிருக்கும். அல்லது ஆணையரை நியமித்து நீங்கள் இருக்குமிடத்தில் சாட்சியம் பதிவு செய்யுமாறு கேட்கலாம்.

வழக்குரையில் கதை வேண்டா. இருதரப்பார் பெயரும் முகவரியும், நடந்தவை தேதிவாரியாகவும், காரணம் எழுந்த நாளும், அந்நீதிமன்றத்துக்கு அதிகாரம் எவ்வாறு உண்டென்பதும், வழக்கின் மதிப்பும், வேண்டும் பரிகாரமும் இருந்தால் போதும். அதனோடு பிரமாண வாக்குமூலம் இணைக்க வேண்டும். பரிகாரத்தில் எதையும் விட்டுவிடலாகாது. அசலை மட்டும் கேட்டுவிட்டு, அன்றே சேர்ந்திருந்த வட்டிக்கென்று பின்னர் தனி வழக்கிட முடியாது. தில்லி நீதிமன்றத்தில் தமிழ்ப் பத்திரத்திற்கு மொழிபெயர்ப்பு வேண்டும். கைபேசிச் செய்திகளும் சான்றாகும். 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டம் கூறும் சான்றிதழ் அவற்றுடன் இருத்தல் வேண்டும். புரோநோட்டுக் கடனுக்குச் சுருக்க முறை வழக்கென்று ஒன்றுண்டு. அதில் சம்மன் கிடைத்த 10 நாட்களுக்குள் பிரதிவாதி முன்னிலையாக வேண்டும். எதிர்வாதம் செய்யவும் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். எழுதி வாங்கியவர்க்குச் சட்டம் அளிக்கும் பரிசு அது.

கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தமிழ்நாட்டில் வழக்கு மதிப்பில் 7.5 விழுக்காடாக இருந்தது 2017-இல் 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதையும் செலுத்த வகையற்றவர், வறியவராக வழக்கிட அனுமதி கேட்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீல் உதவி உண்டு. தந்தையின் சொத்தில் பங்கு கேட்கத் தயங்கியிருக்கும் நம் சகோதரியர் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள அவ்வாணைய அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும்.