இலக்கணப் பிழையும் வழக்குப் பிழையும்
(கிளைச் செயலாளர்களுக்கான வகுப்பில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும் என்றால் நம்மில் பலருக்குக் கை நடுங்குகிறது. குறையைச் சொல்லத் தெரியாமல் அல்ல. பிழை வந்துவிட்டால் ஆபீசில் சிரிப்பார்களே என்ற கூச்சந்தான் காரணம். நானும் தமிழ்ப் பள்ளியில் படித்துக் கிராணி வேலைக்கு வந்தவன். அந்தக் கூச்சத்தை அறிவேன். ஆனால், பிழை என்று நாம் அஞ்சுவதெல்லாம் ஒரே தரத்துப் பிழை அல்ல. அதை எடுத்துச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் நம் தமிழைப் பாருங்கள். "நான் வந்தான்" என்பது இலக்கணப் பிழை. சிறு குழந்தையும் திருத்திவிடும். "பந்தயம் செய்தோம்" என்றால் இலக்கணம் சரிதான். ஆனால் பந்தயம் கட்டினோம் என்பதே வழக்கு. வழக்கு ஊருக்கு ஊர் மாறவும் செய்யும். "மரம் வெட்டப் போகிறேன்" என்று நம் தோட்டத்தில் ஒருவர் சொன்னால், பால் எடுக்கப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவரோ மரத்தையே சாய்க்கப் போகிறார் என்று திகைப்பார்!

ஆங்கிலமும் இப்படித்தான். "ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்" என்று எழுதுகிறோம். இது இலக்கணப் பிழை. "சின்ஸ்" என்ற சொல்லுக்குப் பின் தொடங்கிய நாள் வரவேண்டும்: "சின்ஸ் மண்டே." எத்தனை நாள் என்று சொல்வதானால் "ஃபார் த்ரீ டேஸ்." அதுபோலவே "டிஸ்கஸ் எபௌட்" என்பதும். பற்றிப் பேசுதல் என்ற பொருள் "டிஸ்கஸ்" என்ற சொல்லுக்குள்ளேயே இருப்பதால் "எபௌட்" வேண்டியதில்லை.

"டூ த நீட்ஃபுல்", அதாவது ஆவன செய்யுங்கள் என்பதை எடுத்துக்கொள்வோம். இதில் இலக்கணக் குற்றம் எதுவும் இல்லை. ஆங்கிலேயர்களே முன்பு எழுதிய தொடர்தான். அவர்கள் நாட்டில் அது பழசாகிவிட்டது. இந்தியாவிலும் நம் நாட்டிலும் ஆபீஸ் கடிதங்களில் நிலைத்துவிட்டது. இதைக் கண்டு சிரிப்பவர் பழைய சட்டையைக் கண்டு சிரிப்பவரே அன்றி, கிழிசலைக் கண்டவர் அல்லர். ஆயினும் "நடவடிக்கை எடுங்கள்" என்று மொட்டையாகக் கேட்பதைவிட, இன்ன கூரையை இன்ன தேதிக்குள் மாற்றுங்கள் என்று கேட்பது மேல்.

இந்த இருவகைப் பிழையாலும் நம் வழக்கு தோற்றுவிடாது. சின்ஸ் எழுதினாலும் ஃபார் எழுதினாலும் மூன்று நாள் காய்ச்சல் மூன்று நாள் காய்ச்சல்தான், படிப்பவருக்குப் புரியும்.

தோழர்களே, உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று. இலக்கணமும் சரி, வழக்கும் சரி, ஆனால் நடந்தது அதுவல்ல! இந்த வகைப் பிழையைக் கண்டு யாரும் சிரிக்கமாட்டார்கள். பேசாமல் ஃபைலில் வைத்துக்கொள்வார்கள்.

"ஹி ஒர்க்ட் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்று எழுதினால், ஆறு வருஷம் வேலை செய்தார், இப்போது இல்லை என்ற பொருளே படும். "ஹி ஹேஸ் ஒர்க்ட் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்றால்தான் இன்றும் வேலையில் இருக்கிறார் என்று ஆகும். ஒரு சிறு சொல்தான் வித்தியாசம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிராத நோய்க்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு, சேவை இரண்டு வருஷத்துக்குக் குறைவானால் ஆண்டுக்கு 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். சேவைக் காலம் தொடர்கிறதா, அறுந்ததா என்பது இவ்வளவு முக்கியமாக இருக்கும்போது அந்தச் சிறு சொல்லை விடலாமா?

இன்னொன்று. "ஹி டிட் நாட் ஒர்க் ஃபார் த்ரீ டேஸ்" என்றால் மூன்று நாள் அவர் வேலை செய்யவில்லை. "ஹி வாஸ் நாட் கிவன் ஒர்க் ஃபார் த்ரீ டேஸ்" என்றால் அவருக்கு வேலை கொடுக்கப்படவில்லை. இரண்டுமே பிழையற்ற ஆங்கிலம். ஆனால் முதல் வாக்கியத்தில் குற்றம் தொழிலாளி தலையில் விழுகிறது. இரண்டாவதில் கேள்வி நிர்வாகத்தை நோக்கித் திரும்புகிறது. பெரட்டுக்கு வந்து நின்று வேலையில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு நாமே முதல் வாக்கியத்தை எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் யாரைக் குறை சொல்வது?

ஆகவே, கிளைச் செயலாளர்களுக்கு என் வேண்டுகோள் இது. கடிதம் எழுதி முடித்ததும் அங்கத்தினரை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். "நடந்தது இதுதானா?" என்று கேளுங்கள். அவர் "ஆமாம்" என்ற பிறகே கையெழுத்து வாங்குங்கள். ஆங்கிலம் அறியாத அவரே அந்த இடத்தில் நமக்கு வாத்தியார்.

இலக்கணத்தை நாளடைவில் கற்றுக்கொள்வோம். வழக்கைப் பழகிக்கொள்வோம். பொருளை மட்டும் இன்றே காப்போம். கூச்சத்தை விட்டு எழுதுங்கள், தோழர்களே!