வெளிநாட்டு வேலையும் கிரெடிட் கார்டும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் சிலர் எச்-1பி விசாவில் அமெரிக்கா போகிறார்கள். கை நிறையச் சம்பளம் இருந்தும், கிரெடிட் கார்டு கேட்டால் அங்கே பல வங்கிகள் தயங்குகின்றன. காரணம், அந்த நாட்டில் அவர்களுக்குக் கடன் வரலாறு கிடையாது. இங்கே சிபில் மதிப்பெண் 800 இருந்தாலும் அது தானாகக் கூடவே போகாது.

வழி இருக்கிறது. முதலில் சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்க வேண்டும். அடுத்து செக்யூர்டு கார்டு. 200, 300 டாலர் டெபாசிட் கட்டினால், பெரும்பாலும் அதே அளவுக்குச் செலவு வரம்பு கிடைக்கும். மளிகைக்கு மட்டும் தேய்த்து, மாதாமாதம் முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்ட வேண்டும். குறைந்தது ஆறு மாதம் கணக்கு ஓடினால்தான் ஃபைகோ மதிப்பெண் உருவாகும். வாடகை வீட்டுக்கும் கார் கடனுக்கும் கடன் வரலாற்றைப் பார்ப்பார்கள்.

இன்னொன்று முக்கியம். வேலை போய்விட்டால் எச்-1பி-யில் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனமோ வேறு விசாவோ அமையாவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். விசா முடிந்தாலும் கார்டு பாக்கி முடியாது. வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் 'மினிமம் கட்டினால் போதும்' என்ற பழக்கமே வேண்டாம்.

வீடியோ காலில் "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்கும்போது, "கார்டு பில் முழுசா கட்டிட்டியா" என்றும் கேளுங்கள்.