பழிச்சொல்லைச் சூடியவர்

(பீளமேட்டில் நிகழ்ந்த வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வள்ளுவர் சொல்வன்மைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். வேறு வலிமை ஏதும் இல்லாதவர் பேசும்போதே சொல்லின் வலிமை முழுமையாகப் புலப்படும். 1946 டிசம்பர் 19 அன்று தில்லியில், அரசியல் நிர்ணய சபையில் நிகழ்ந்த ஓர் உரை அதற்குச் சான்று. நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தின்மீது பேச எழுந்தவர் ஜெய்பால் சிங். சோட்டா நாகபுரியின் முண்டா பழங்குடியில் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவர், பின்னர் ஆதிவாசி மகாசபையின் தலைவர்.

அவ்வுரையின் முதல் உத்தி, பழிச்சொல்லை ஏற்றுக்கொள்வது. பின்தங்கியோர், குற்றப் பரம்பரையினர் எனத் தம் மக்களுக்குப் பிறர் இட்ட பெயர்களை அடுக்கினார். அடுத்து மறுப்பு வரும் என்றே கேட்பவர் மனம் எதிர்பார்க்கும். அவரோ தாம் ஒரு ‘ஜங்லி’, அதாவது காட்டான், என்பதில் பெருமை கொள்வதாகக் கூறினார். புகழ்வதுபோலப் பழிப்பதையும் பழிப்பதுபோலப் புகழ்வதையும் தமிழ் அணியிலக்கணம் வஞ்சப்புகழ்ச்சி என்னும். இங்கே நிகழ்வது அதனினும் அரியது: தம்மீது எறியப்பட்ட கல்லையே எடுத்து முடியில் பதித்துக்கொள்கிறார்.

இரண்டாவது உத்தி, இருக்கைகளை மாற்றுவது. பழங்குடியினர்க்கு ஜனநாயகத்தைக் கற்பிக்க இயலாது. அவர்களிடமிருந்தே அதனைக் கற்க வேண்டும் என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் அவை மாணவனாகிறது, காட்டான் ஆசானாகிறான். இரந்து நிற்பவரின் குரல் அங்கே இல்லை.

மூன்றாவதே தலையாயது. சுரண்டலும் நிலப்பறிப்பும், இடையிடையே கிளர்ச்சியுமே தம் மக்களின் வரலாறு என்று சினத்தை உச்சிக்கு ஏற்றினார். ஏற்றிய இடத்திலேயே திரும்பி, ஆயினும் நேருவின் வாக்கையும் அவையோர் அனைவரின் வாக்கையும் நம்பி ஏற்பதாகச் சொன்னார். இதனைப் பணிவு என்று கொள்வது பிழை. வாக்கைப் பெற்றுக்கொண்டவர், வாக்களித்தவரைக் கடனாளியாக்கிவிட்டார். அம்மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்பதைச் சட்டத்தின் முகவுரை ஒப்புக்கொள்ள, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்வரை அறுபது ஆண்டுகள் ஆயின. கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை.

கவிஞர்கள் கருதத்தக்கது மற்றொன்றும் உண்டு. இந்தி மொழிபெயர்ப்பில் தம் மக்களை ‘வனஜாதி’ எனக் குறிப்பதைப் பின்னர் அதே அவையில் ஜெய்பால் சிங் எதிர்த்தார். ‘ஆதிவாசி’ என்பதையே வேண்டினார். காட்டான் என்பதில் பெருமை கொண்டவர் வனஜாதியை மறுத்தது முரணாகாது. தானே சூடிய பெயர் வேறு. பிறர் சூட்டும் பெயர் வேறு.

பீளமேட்டிலிருந்து மேற்கே நோக்கினால் மலைத்தொடர் தெரிகிறது. அதன் அடிவாரங்களில் இருளரும், தெற்கே ஆனைமலையில் காடரும் மலசரும் முதுவரும் வாழ்கின்றனர். குறிஞ்சி பாடுவது தமிழுக்கு ஈராயிரம் ஆண்டு வழக்கம். ஆயினும் இன்றைய கவிதையில் மலைமக்கள் பெரும்பாலும் வெள்ளந்திகளாக, இயற்கையின் குழந்தைகளாகவே வருகின்றனர். அன்போடு இட்டவை எனினும் அவையும் பிறர் இட்ட பெயர்களே. ஆசானாக நிற்க வல்லவரைக் குழந்தை என்பது எவ்வகைப் புகழ்ச்சி?

மலையைப் பாடுமுன், மலையில் வாழ்வோர் தம்மை எச்சொல்லால் அழைத்துக்கொள்கின்றனர் என்று கேட்டறிதல் கவிஞர்க்குக் கடன். ஜெய்பால் சிங் பெற்றுச்சென்ற வாக்கில் தமிழ்க் கவிஞர்க்கு உரிய பங்கு அதுவே.