பாரியோ மலைநாட்டில் மூன்று நாள்



சுற்றுலா என்றதும் நமக்குக் கேமரன் மலையும் பினாங்குக் கடற்கரையும் பத்துமலையும்தான் நினைவுக்கு வரும். தோட்டத்தில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு பஸ்ஸைப் பேசி, புளிச்சோறு கட்டிக்கொண்டு, விடியுமுன் புறப்பட்டு இரவு திரும்பிவிடுவோம். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வேறு வகைப் பயணம் ஒன்றும் உண்டு. ஓட்டலில் தங்காமல் ஊர்க்காரர் வீட்டிலேயே தங்கி, அவர்களில் ஒருவர் வழிகாட்ட, காட்டுப் பாதையில் கால்நடையாகப் போய்வரும் பயணம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

போகும் இடம் வெளிநாடு அல்ல. நம் நாட்டுச் சரவாக் மாநிலம்தான். அதன் வடகிழக்கு மூலையில், இந்தோனேசிய எல்லையை ஒட்டி, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுநிலம் இருக்கிறது. அதன் பெயர் பாரியோ. சுற்றிலும் மலைத்தொடர்கள். சரவாக்கிலேயே உயரமான மூருட் மலை அந்தப் பக்கந்தான். அதன் உயரம் 2,424 மீட்டர். அந்த மேட்டுநிலத்தின் மக்கள் கெலாபிட் இனத்தவர். மலேசியாவின் மிகச் சிறிய இனங்களில் ஒன்று அது. எல்லாரையும் சேர்த்து எண்ணினாலும் சில ஆயிரம் பேர்தான். ஒரே நாட்டில் வாழ்கிறோம். ஒரே நிற அடையாள அட்டையை வைத்திருக்கிறோம். ஆனால் அவர்கள் பெயரைக்கூட நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம்.

முதலில் போகும் வழியைச் சொல்லிவிடுகிறோம். தீவகற்பத்திலிருந்து மீரிக்கு விமானம் உண்டு. சரவாக்கில் இறங்கும்போது நம் நாட்டவர்க்கும் குடிநுழைவுச் சோதனை இருக்கிறது. ஆகவே அடையாள அட்டையை மறக்கக் கூடாது. மீரியிலிருந்து 19 பேர் அமரும் சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பாரியோவை அடையலாம். பெட்டியை மட்டுமல்லாமல் ஆளையும் தராசில் நிறுத்திப் பார்த்துத்தான் அதில் ஏற்றுவார்கள். மலையில் பனிமூட்டம் கவிந்துவிட்டால் விமானம் இறங்காது. எனவே, போகிறவர்கள் லீவு நாளில் ஒன்றிரண்டு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மரம் ஏற்றும் லாரிகளுக்காக வெட்டிய செம்மண் பாதை ஒன்றும் இப்போது உண்டு. ஆனால் அதில் 12 மணி நேரத்துக்கு மேலும் குலுங்கிக்கொண்டு போக வேண்டும்.

இவ்வளவு ஒதுங்கிய ஊர் என்றாலும் உலகத்துச் சண்டைகள் இதை விட்டுவைக்கவில்லை. 1945 மார்ச் மாதம், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், டாம் ஹாரிசன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தம் குழுவினரோடு பாராசூட்டில் இந்தச் சமவெளியில் குதித்தார். ஜப்பானியரை எதிர்க்க மலைமக்களைத் திரட்டினார். பின்னர் 1963-இல் இந்தோனேசியாவோடு மோதல் மூண்டபோது, எல்லையோரம் சிதறியிருந்த பல கெலாபிட் ஊர்களைப் பாதுகாப்புக்காகப் பாரியோவுக்குப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். இன்று பாரியோவில் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் பல ஊர்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மேலிடத்தில் யாரோ முடிவு செய்ய, மூட்டை கட்டிக்கொண்டு ஊர் மாறிய கதை நம்மவர்க்குப் புதிதல்லவே.

முதல் நாள் இரவு நீண்ட வீட்டில் தங்குகிறோம். மலாயில் அதை ரூமா பாஞ்சாங் என்பார்கள். தூண்கள்மேல் தூக்கிக் கட்டிய மரவீடு. பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வாழ்கின்றன. கேட்டவுடன், "இது நம் லயம்தானே!" என்று சொல்லத் தோன்றும். பார்வைக்கு அப்படித்தான். ஆனால் இரண்டு வேற்றுமைகள் உண்டு. லயத்தைக் கம்பெனி கட்டியது. வேலை போனால் வீடும் போயிற்று. நீண்ட வீட்டை அங்கே வாழ்பவர்களே தங்களுக்காகக் கட்டிக்கொண்டார்கள். இரண்டாவது வேற்றுமை அடுப்பில் இருக்கிறது. பாரியோ ஆசால் என்னும் பழைய நீண்ட வீட்டில் அடுப்புகள் ஒரே நீண்ட கூடத்தில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அடுப்பு. இடையில் சுவர் இல்லை. ஒரு வீட்டு அடுப்பு புகையவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்கு உடனே தெரிந்துவிடும். பசியை ஒளிப்பதும் கடினம். பண்டத்தை ஒளிப்பதும் கடினம்.

சாப்பாட்டுக்கு வருவோம். பாரியோ அரிசி சரவாக் முழுவதும் பெயர் பெற்றது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. சிறு மணி, மெல்லிய மணம். பழைய முறைப்படி, நீர் கட்டிய வயலில் கையால் நாற்று நட்டு, ஆண்டுக்கு ஒரே போகம் எடுக்கிறார்கள். அறுவடைக்குப் பின் எருமைகளை வயலில் விட்டு மேய விடுவார்கள்; அவை மிதித்தும் உரமிட்டும் நிலத்தைப் பண்படுத்தும். அந்த அரிசியைக் குழைய வேகவைத்து இலையில் பொதிந்து தருவதற்கு நுபா லாயா என்று பெயர். கூடவே காட்டுக் கீரை, அன்னாசி, சில நாளில் மான் அல்லது காட்டுப் பன்றி இறைச்சி. மரக்கறி மட்டும் உண்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கீரைக்குப் பஞ்சம் இல்லை. அரிசி மது ஒரு காலத்தில் இவர்கள் விருந்துகளில் ஆறாக ஓடியது. கிறிஸ்துவ சமயத்தைத் தழுவிய பின் ஊரோடு சேர்ந்து அதைக் கைவிட்டார்கள். ஆகவே விருந்தாளியும் புட்டியைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. கள்ளுக்கடையால் பட்ட பாட்டை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர்களுடைய வழக்கம் ஒன்று நமக்கு வியப்பாக இருக்கும். முதல் குழந்தை பிறந்த பிறகு, பெற்றோர் தம் பழைய பெயரை விட்டுப் புதுப் பெயர் சூட்டிக்கொள்கிறார்கள். தாத்தா பாட்டிகளும் புதுப் பெயர் பெறுகிறார்கள். அதற்காக ஊரைக் கூட்டி நடத்தும் விருந்துக்கு இராவ் என்று பெயர். நம்மிடையே, பிள்ளை பெயரைச் சொல்லி, "முருகன் அம்மா" என்று அழைப்போம் அல்லவா? அதையே அவர்கள் ஊர் அறிய, சோறு போட்டுச் செய்கிறார்கள். பிள்ளை பிறந்தால் மனிதரே புதியவர் ஆகிறார் என்பது அவர்கள் கருத்து.

இரண்டாம் நாள் காலையில் நடை தொடங்குகிறது. முன்னே வழிகாட்டி, இடுப்பில் பாராங் கத்தியோடு நடக்கிறார். பா லுங்கான் என்ற ஊருக்குப் போகிறோம். ஏறக்குறைய 4 மணி நேர நடை. பா என்றால் அவர்கள் மொழியில் ஆறு, தண்ணீர். ஊர்ப் பெயர்கள் பல ஆற்றின் பெயரிலேயே தொடங்குகின்றன. பாதை வயலோரமாகப் போய்க் காட்டுக்குள் நுழைகிறது. மழை பெய்திருந்தால் முழங்கால் வரை சேறு. அட்டைகள் உண்டு. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு நாம் அட்டையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நீண்ட காலுறையும் கொஞ்சம் புகையிலைத் தண்ணீரும் போதும்.

தூரத்து மலைமுகட்டைப் பார்த்தால், நடுவில் மரங்களை வெட்டி இடைவெளி விட்டதுபோல் ஒரு பள்ளம் தெரியும். அதைக் கவாங் என்பார்கள். முற்காலத்தில் பெரியவர் ஒருவர் இறந்தால், அவர் நினைவாக ஊரார் கூடி முகட்டுக் காட்டை அப்படி வெட்டினார்கள். பெருங்கற்களை நட்டும் நினைவு போற்றினார்கள். பா லுங்கானைச் சுற்றியுள்ள காட்டில் கல்மேசைபோல் நிற்கும் பழங்கல் ஒன்றும் உண்டு. வழிகாட்டி இல்லாமல் போனால் இவையெல்லாம் நம் கண்ணுக்கு வெறும் கல்லும் காடும்தான். அவர் சொன்ன பிறகு, அது ஒரு மக்களின் ஊர்க் கணக்கேடு என்று புரிகிறது. வழிகாட்டி வேண்டும் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. எல்லை பக்கத்தில்தான், இன்னும் வடக்கே பக்கெலாலானுக்குப் போகும் பழைய நடைபாதை எல்லையைக் கடந்தும் போகிறது. தெரியாமல் கால் வைத்தால் வேறு நாட்டில் நிற்போம்.

வழியில் பா ஊமோர் பக்கம் திரும்பினால் உப்பு ஊற்றைப் பார்க்கலாம். கடலே இல்லாத மலையில் உப்பு! கிணற்றில் ஊறும் உவர்நீரைப் பெரிய கொப்பரைகளில் ஊற்றி, விறகு போட்டுக் காய்ச்சுகிறார்கள். தண்ணீர் வற்றி அடியில் தங்கும் உப்பை மூங்கில் குழாயில் அடைத்து மீண்டும் நெருப்பில் இடுவார்கள். மூங்கில் எரிந்து, உப்பு உருளைபோல் இறுகிவிடும். பிறகு இலையில் சுற்றி வைப்பார்கள். ரப்பர் ஷீட்டைப் புகையில் போட்ட வீட்டில் நின்றவர்களுக்கு அந்தச் சூடும் கண் எரிச்சலும் எப்படியிருக்கும் என்பது தெரியும். பழங்காலத்தில் இந்த மலைமக்கள் உப்பைக் கொடுத்து அக்கம்பக்கத்தாரிடம் வேறு பொருள்களை வாங்கினார்கள்.

இரண்டாம் நாள் இரவு பா லுங்கானில் ஒரு குடும்பத்தோடு தங்குகிறோம். இரவில் குளிர் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். கம்பளிச் சட்டை ஒன்று அவசியம். மூன்றாம் நாள் வந்த வழியே பாரியோவுக்குத் திரும்புகிறோம். பயணம் இவ்வளவுதான்.

நேயர்களே, இதுவரை கண்ணால் காண்பதைச் சொன்னோம். இனிச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டியதைச் சொல்கிறோம்.

கெலாபிட் மக்கள் கல்வியில் கெட்டிக்காரர்கள். மலேசிய விமான நிறுவனத்தின் தலைவராக இருந்து, 2009-இல் மத்திய அமைச்சரான இட்ரிஸ் ஜாலா பாரியோவில் பிறந்தவர். பேராசிரியர்களும் பொறியியலாளர்களும் இந்தச் சிறிய இனத்திலிருந்து வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கப் படிக்க ஊர் என்ன ஆகும்? மேற்படிப்புக்கும் வேலைக்கும் மீரிக்குப் போகிறவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். இன்று கெலாபிட் மக்களில் பெரும்பகுதியினர் மலைக்கு வெளியேதான் வாழ்கிறார்கள். நீண்ட வீட்டில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியவர்கள். வயல் வேலைக்கு எல்லைக்கு அப்பாலிருந்து இந்தோனேசியத் தொழிலாளர் வருகிறார்கள். உப்புக் காய்ச்ச விறகு பிளக்கும் கை குறைந்துவிட்டது. பெற்றோர் விரும்பியதுதான் நடந்திருக்கிறது. அதனால்தான் அது மனத்தை உறுத்துகிறது. பிள்ளை மேலே வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம், வந்துவிட்டான், வீடு காலியாகிவிட்டது. லயத்தில் பிள்ளை வளர்த்த எந்தத் தாய்க்கும் இது விளங்கும்.

இங்கேதான் விருந்தாளிக்கு வேலை இருக்கிறது. 1990-களின் இறுதியில் மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் பாரியோவில் ஓர் இணைய நிலையம் தொடங்கும் பணி நடந்தது. அதன் வழியாக வெளியூரார் ஊர்க்காரரோடு நேரே தொடர்பு கொள்ள முடிந்தது. நடுவில் தரகன் இல்லாமல், தங்கும் வீட்டுக்கும் வழிகாட்டிக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. காடு தெரிந்தவருக்கு அந்த அறிவே ஒரு தொழில் ஆயிற்று. ஊருக்குத் திரும்பலாமா என்று நினைக்கும் இளைஞனுக்கு அது ஒரு காரணம். பெரிய வருமானம் அல்ல. ஆனாலும் ஒரு காரணம்.

ஆனால் இதிலே ஓர் ஆபத்தும் உண்டு. பணம் கொடுத்தோம் என்பதற்காக, வேடிக்கை காட்டச் சொல்லக் கூடாது. அந்த ஊர் மூதாட்டிகள் சிலர் காது வளர்த்து, பழைய பாசிமணிகள் அணிந்திருப்பார்கள். கேட்காமல் படம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாம்படம் அணிந்து தோள்வரை காது வளர்த்த நம் பாட்டிமாரை யாராவது அப்படி வேடிக்கை பார்த்திருந்தால் நமக்குப் பொறுத்திருக்குமா? முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். பிறகு கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

சிறு குறிப்புகள் சிலவற்றையும் சொல்லி முடிக்கிறோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். இதை நமக்குச் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வழிபாட்டு நாள். அன்று நடைக்கு அழைக்காதீர்கள். தங்கும் செலவையும் வழிகாட்டியின் கூலியையும் போகுமுன் பேசி முடித்து, கையில் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வயதானவரையும் சிறு குழந்தையையும் நீண்ட நடைக்கு இழுத்துப் போகாமல், நீண்ட வீட்டிலேயே இருக்கச் செய்யுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். புறப்படும்போது கொஞ்சம் அரிசியோ உப்போ விலை கொடுத்து வாங்குங்கள்.

பயணச் செலவு எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது என்பது நமக்குத் தெரியும். பெரியவர்களால் முடியாவிட்டாலும், வேலைக்குப் போகும் மகனோ மகளோ ஒருநாள் போகக்கூடும். அவர்கள் திரும்பி வந்து கதை சொல்லும்போது ஒன்று கேளுங்கள்: "அந்த ஊர்ப் பாட்டிக்கு உப்புக் காய்ச்சத் தெரியும். நம் பாட்டிக்கு என்ன தெரியும் என்று நீ கேட்டிருக்கிறாயா?" எந்தக் கப்பலில் தன் பெற்றோர் வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் எத்தனை மரம் வெட்டினாள், எந்த மூலிகையைத் தட்டிப் போட்டுக் காய்ச்சலை இறக்கினாள் என்பதை நம் பாட்டி இன்னும் சொல்ல முடியும். அதைக் கேட்க விமானம் ஏற வேண்டியதில்லை. இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகே கேட்கலாம்.