மர நிழலும் மன நலமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

  

சென்ற மாதம் நமது மஹல்லாப் பெரியவர்கள் சிலருடன் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிற்குச் சென்றிருந்தேன். கோரையாறும் பாமணியாறும் நம் வயல்களுக்குப் பாய்ந்தபின் கடலைச் சேருமிடம் அது. படகு மரங்களுக்கிடையே நுழைந்ததும் பேச்சு தானாக நின்றது. மனைவி மவுத்தானதிலிருந்து உறக்கமின்றித் தவிக்கும் ஒரு பெரியவர், "ஹஜ்ரத், நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருக்கிறது" என்றார்.

அவர் உணர்ந்ததை ஆய்வாளர்களும் அளந்து பார்த்துள்ளனர். ஜப்பான் நாட்டு வனத்துறை 1982ஆம் ஆண்டு 'வனக் குளியல்' என்னும் பழக்கத்தை அறிமுகம் செய்தது. மரங்களிடையே மெதுவாக நடந்து, காற்றையும் ஓசையையும் மணத்தையும் அனுபவிப்பதே அக்குளியல். நகரத்தில் நடந்தவர்களைவிடக் காட்டில் நடந்தவர்களுக்கு நாடித்துடிப்பும், மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் சுரப்பும் குறைந்திருந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரை ஆராய்ந்து, ரோஜர் அல்ரிச் என்பவர் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சன்னல் வழியே செங்கற்சுவரைப் பார்த்திருந்தவர்களைவிட மரங்களைப் பார்த்திருந்தவர்கள் விரைவில் வீடு திரும்பினர். வலிக்கான கடும் மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

நம் நாட்டிலும், 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் இல்லத்தைத் தொடங்கியபோது, நல்ல காற்றும் ஓய்வும் உணவுமே சிகிச்சையாக இருந்தன. ஆயினும் பின்னாளில் அந்நோயைக் குணப்படுத்தியது மருந்தே. எனவே மாத்திரையை நிறுத்திவிட்டு மரத்தடியில் அமருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மருந்துக்கு மரம் துணை நிற்கும்; அவ்வளவே.

அன்பர்களே! நெல் விளையும் நமது தஞ்சைத் தரணியில் காடு அரிது. ஆற்றங்கரையும் தோப்பும் மையவாடியுமே நமக்குக் காடு. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் பள்ளிவாசலின் பின்புறத்து மரங்கள் சாய்ந்தன. அவ்விடம் இன்றும் வெட்டவெளியாகக் கிடக்கிறது. சர்க்கரை நோய்க்காக நடக்கச் சொல்லப்பட்ட நம் பெரியவர்கள் பேருந்துச் சாலையோரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கின்றனர். நம் தாய்மார்களுக்கு அதற்கும் வழியில்லை.

அவ்விடம் முழுவதும் வாடகைக் கடைகள் கட்டும் யோசனை இன்று உங்கள் முன் உள்ளது. வருமானம் தேவைதான்; எனது சம்பளமும் அதிலிருந்தே வருகிறது. ஆயினும் சாலையோரப் பாதியில் கடைகள் கட்டி, உட்புறப் பாதியை வேம்பு, புங்கு, நாவல் மரங்களுக்கும் ஒரு நடைபாதைக்கும் விட்டுவைக்குமாறு வேண்டுகிறேன். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம்.

கன்று நடுவது எளிது. கோடையில் காப்பாற்றுவதே கடினம். நாம் ஐவேளையும் ஒளூச் செய்யும் நீர் இப்போது சாக்கடைக்குப் போகிறது. ஒரு சிறு வாய்க்கால் வெட்டி அதைத் திருப்பினால் கன்றுகள் பிழைத்துக்கொள்ளும்.

நட்ட மரத்தில் மனிதரும் பறவையும் பெறும் பயன் நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தந்த போதனை. அந்த நன்மையை நம் ஜமாஅத்திற்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.