மலைவழி ஜீப்பும் மாற்று உறுப்புகளும்
(ஆரியசாலையில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கம்பரையும் வள்ளுவரையும் பற்றிப் பேசுதற்குரிய இம்மேடையில் பழைய ஜீப் வண்டியைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தபோது யாம் சற்றே தயங்கினோம். இவ்வவையில் அமர்ந்திருக்கும் குடும்பங்களுள் எத்தனை குடும்பங்களுக்கு மலைத்தோட்டங்களில் உறவினர் உளர் என்பதை எண்ணிப் பார்த்ததும் அத்தயக்கம் அகன்றது. நவராத்திரி நாளில் வேளிமலைக் குமாரர் பத்மநாபபுரத்துத் தெய்வங்களோடு எழுந்தருளி வந்து தங்கும் இடம் இந்த ஆரியசாலை. குமாரர் ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சாரலை விட்டு இங்கு வருகின்றார். நம் மக்களோ நாள்தோறும் மலையேறுகின்றனர். போடிநாயக்கனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் பெரும்பாலும் ஜீப்பிலேதான் செல்கின்றனர். அவ்வண்டிகளுள் பல, ஓட்டுபவரின் வயதை விட மூத்தவை.

2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 ஆம் நாள், வயநாட்டில் மானந்தவாடிக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளரை ஏற்றி வந்த ஜீப் பள்ளத்தில் வீழ்ந்து ஒன்பது பெண்கள் மாண்டனர். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது எம் பணியன்று. மலைவழியில் செல்லும் வண்டியின் அடியிலுள்ள இரும்புகள் எத்தனை உயிர்களைத் தாங்குகின்றன என்பதை நினைவில் கொள்வதற்காகவே அதனை ஈண்டுக் குறிப்பிட்டோம்.

இனி வண்டிக்கு வருவோம். 1941 முதல் 1945 வரை அமெரிக்க நாட்டில் வில்லிஸ், போர்டு என்னும் இரு நிறுவனங்களும் ஒரே வரைபடத்தைக் கொண்டு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. ஒன்றன் உறுப்பு மற்றொன்றில் பொருந்த வேண்டும் என்பது படையினரின் கட்டளை. போர்டு நிறுவனம் மட்டும் தன் உறுப்புகளில் ஆங்கில ‘எப்’ எழுத்தைப் பொறித்துக்கொண்டது. போர் முடிந்தபின் 1949 இல் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைக் கூட்டத் தொடங்கினர், சி.ஜே.3பி என்னும் வகையை நெடுங்காலம் செய்து விற்றனர். உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்னும் இப்பழைய பெருமையே பின்னாளில் ஒரு கேடாகவும் ஆயிற்று. போல்ட்டு ஏறினால் போதும், உறுப்பு பொருந்திவிட்டது என்று நம்பும் பழக்கம் பட்டறைகளில் வேரூன்றிவிட்டது.

பழைய ஜீப்பைப் பாராமல் வாங்கிய கதை ஒன்றை இந்த ஊரில் சொல்லாமல் விடலாகாது. 1948 இல், இலண்டனில் இந்திய ஹைகமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் அவர்களின் வாயிலாக, புதுப்பிக்கப்பட்ட பழைய ஜீப்புகளை நம் படைக்கு வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. வந்து இறங்கிய 155 வண்டிகளும் பயன்படத் தக்கன அல்ல என்று படைத்துறையினர் ஏற்க மறுத்தனர். நாடாளுமன்றத்தில் பெரும் வாதம் எழுந்தது. 1955 இல் அரசு அவ்விவகாரம் முடிந்ததென அறிவித்தது. அதே மேனன் அவர்களை 1971 இல் திருவனந்தபுரம் தொகுதி மக்களவைக்கு அனுப்பியது. அரசியல் நமக்கு வேண்டா. வண்டியின் அடியில் புகுந்து பார்த்தவர் எத்தனை பேர் என்பதே எம் கேள்வி.

ஜீப்பின் ஆற்றல் செல்லும் வழியைச் சுருங்கக் கூறுவோம். எஞ்சினிலிருந்து கிளட்சு, அங்கிருந்து கியர்ப் பெட்டி, அதன் பின்னே ஒட்டியிருப்பது டிரான்ஸ்பர் கேஸ் என்னும் இரண்டாம் பெட்டி. அதிலிருந்து முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரு புரொப்பல்லர் ஷாப்டுகள். ஒவ்வொரு ஷாப்டின் இரு முனையிலும் ‘கிராஸ்’ எனப்படும் மூட்டு. ஷாப்டின் முடிவில் பினியன், கிரௌன் என்னும் பற்சக்கரங்கள். அவற்றிலிருந்து இருபுறச் சக்கரங்களுக்கும் ஆக்சில் ஷாப்டுகள். வில்லிஸ் ஜீப்பில் இரண்டாம் பெட்டி ஆற்றலை வலப்பக்கமாகத் தள்ளித் தருவதால், முன்னும் பின்னும் ஆக்சிலின் வயிறு நடுவில் இராது. வலப்புறம் ஒதுங்கியே இருக்கும். வேறு வண்டியின் நடுவயிற்று ஆக்சிலைக் கொண்டுவந்து மாட்ட முயல்வோர் இதனை முதலில் நோக்குதல் வேண்டும். மாட்டினால் ஷாப்ட் கோணலாக ஓடிக் கிராஸைத் தின்றுவிடும்.

ஓசை கேட்டதும் கியர்ப் பெட்டியை இறக்குவது எளிதான வேலையும் அன்று, அறிவுடைய வேலையும் அன்று. வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்துக் கேட்க வேண்டும். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் ஓசை எழுந்தால் குற்றம் கிளட்சின் ரிலீஸ் பேரிங்கில். மிதித்தவுடன் ஓசை அடங்கினால் கியர்ப் பெட்டியின் முன் பேரிங்கை ஐயுற வேண்டும். நின்ற வண்டியில் ஓசையே இல்லை, ஓடும்போது மட்டும் உண்டு என்றால், சமதரையில் ஓட்டிச் சென்று சிறிது நேரம் நியூட்ரலில் உருளவிடுக. எஞ்சின் வேகம் குறைந்தும் ஓசை குறையாமல் சக்கரத்தின் வேகத்தையே பின்தொடர்ந்தால், தேட வேண்டிய இடம் டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னே. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஊளையிட்டு விட்டதும் அடங்கினாலும், விட்டபோது ஊளையிட்டு அழுத்தியதும் அடங்கினாலும், கிரௌனும் பினியனும் முறைப்படி பொருந்தவில்லை என்பதே பெரும்பாலும் பொருள்.

புறப்படும்போதும் ரிவர்சிலும் ‘டக்’ என்று ஒரு தட்டு; அதன்பின் ஒன்றுமில்லை. இது கிராஸ் தேய்ந்ததன் அடையாளம். ஷாப்டைக் கையால் திருகிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். கிராஸின் குவளையைச் சுற்றிச் செம்மண் போன்ற துருப்பொடி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி நாட்கள் பல ஆயின. புதுக் கிராஸ் போட்டும் வண்டி அதிர்ந்தால் புது உறுப்பைக் குறை கூறாதீர்கள். ஷாப்டின் நடுவே நீண்டு சுருங்கும் இணைப்பு ஒன்று உண்டு. அதைக் கழற்றி மீண்டும் கோக்கும்போது இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிக் கோத்தாலும் அதிர்வு தீராது. கழற்றும் முன் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து வைப்பதற்குக் காசு செலவில்லை.

பின் சக்கரத்து ஆயில் சீல் மாதம் ஒருமுறை கெடுகின்றது, எண்ணெய் பிரேக் கட்டையில் இறங்குகின்றது என்று சொல்வோர் பலர். சீலை மாற்றிக்கொண்டே இருப்பர். ஆக்சிலின் மேல் காற்று வெளியேற ஒரு சிறு துளைமூடி உண்டு. அது சேற்றால் அடைபட்டால், ஓட்டத்தில் சூடேறிய காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீலின் வழியே தள்ளும். முதலில் அத்துளையைக் கம்பியால் குத்திப் பாருங்கள். இறங்கு மலையில் பிரேக் பிடிக்காமற் போவதற்கு இச்சிறு துளையும் ஒரு காரணமாகக் கூடும்.

இனி யாம் சிறப்பாக வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகின்றோம். கிரௌனுக்கும் பினியனுக்கும் உள்ள பல் விகிதம் ஜீப்புக்கு ஜீப் வேறுபடும். 43க்கு 8 எனின் 5.38, 39க்கு 8 எனின் 4.88, 47க்கு 11 எனின் 4.27. போர்க்கால வில்லிஸில் 4.88, பின்வந்த சி.ஜே. வகைகளில் பெரும்பாலும் 5.38. எண் பெரிதானால் இழுவை மிகும், ஓட்டம் குறையும். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு மெல்லச் சுழலும் டீசல் எஞ்சினைப் பொருத்தியவர்கள், சாலையில் வேகம் போதவில்லை என்று கண்டு, பின் ஆக்சிலில் சிறிய எண்ணுள்ள சக்கரங்களை மாட்டிக்கொள்கின்றனர். (எஞ்சினை மாற்றுவோர் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படிப் பதிவு அலுவலகத்தின் இசைவைப் பெறுதல் வேண்டும், அது தனிக் கதை.) முன் ஆக்சிலை யார் பயன்படுத்துகின்றார்கள் என்று அதை அப்படியே விட்டுவிடுகின்றனர். இங்கேதான் தீங்கு ஒளிந்திருக்கின்றது.

முன் 5.38, பின் 4.88 என்று வையுங்கள். நான்கு சக்கர இணைப்பில் இரு ஷாப்டுகளும் ஒரே வேகத்தில் சுழலும். அவற்றிடையே விட்டுக்கொடுக்கும் டிபரன்ஷியல் இந்த ஜீப்பில் கிடையாது. முன் சக்கரங்கள் நூறு கஜம் உருளும் நேரத்தில் பின் சக்கரங்கள் நூற்றுப் பத்துக் கஜம் உருள முயலும். ஏதேனும் ஒன்று சறுக்கியே ஆக வேண்டும், இல்லையேல் முறிந்தே ஆக வேண்டும். இரு சக்கர ஓட்டத்தில் இக்குறை சிறிதும் தெரியாது. தார்ச் சாலையில் ஓராண்டு ஓடினாலும் தெரியாது. என்றோ ஒரு மழைநாளில், ஆட்களை ஏற்றிய வண்டி ஏற்றத்தில் திணறும்போது ஓட்டுநர் முன் இணைப்பைப் போடுவார். அந்த இடத்தில்தான் அது வெளிப்படும். ஆகவே விகிதத்தை மாற்றுவதானால் இரு ஆக்சிலிலும் மாற்றுக. பணம் போதாதெனில் இரண்டிலும் மாற்றாது விடுக. முன்னே தேய்ந்த டயரும் பின்னே புது டயரும் மாட்டுவதும் சிறிய அளவில் இதே தவறுதான்.

விகிதத்தை அறிய ஆக்சிலைப் பிரிக்க வேண்டுவதில்லை. சமதரையில் மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விட்டு, ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். சக்கரத்திலும் ஷாப்டிலும் சுண்ணாம்புக் குறியிட்டு, சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எதிர்ச் சக்கரம் தரையில் நிற்பதால், இரண்டு சுற்றுக்குக் கிரௌன் ஒரு சுற்றே சுற்றும். ஷாப்ட் ஐந்து சுற்றும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் சுற்றினால் 5.38, ஐந்துக்குச் சற்றே குறைந்தால் 4.88, நான்கேகால் எனின் 4.27. முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள். பழைய வண்டி வாங்கும் எவரும் விலை பேசுமுன் செய்ய வேண்டிய சோதனை இது. பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம்.

கிரௌனையும் பினியனையும் தனித்தனியே வாங்காதீர்கள். அவை தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்து இணை சேர்க்கப்பட்டவை. பொருத்த எண்ணும் பொறித்திருக்கும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உறுப்பு வாங்கச் செல்வோர் அவ்வெண்களை ஒப்பிட்டு வாங்குதல் நன்று. மாட்டும்போது பல்லில் ஈயச் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துத் தடவிச் சுழற்றினால், எந்த இடத்தில் பல் படுகின்றது என்பது தெரியும். பல்லிடை ஆட்டம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து முதல் பத்துப் பங்குக்குள் நிற்க வேண்டும். ஷிம் தகடு கூட்டிக் குறைத்து இதனைச் சரிசெய்யப் பொறுமை வேண்டும், அப்பொறுமைக்கே கூலி. பழைய ஷிம்மை எடுத்து எறிந்துவிட்டுக் கண்ணளவில் மாட்டுபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

டிரான்ஸ்பர் கேஸின் உள்ளே, நெம்புகோல் தண்டுகளுக்கு இடையில் மாத்திரை போன்ற சிறு இரும்பு ஒன்று உண்டு. முன் இணைப்பைப் போடாமல் லோ கியர் விழாதபடி தடுப்பது அதன் வேலை. லோ கியரில் இழுவை இரண்டு மடங்குக்கு மேலும் பெருகுவதால், அவ்வளவையும் பின் ஆக்சில் மட்டுமே தாங்குதல் ஆகாது என்று கருதியே அதனை வைத்தனர். பெட்டியைப் பிரித்துக் கூட்டுபவர், சிறிதாயிற்றே என்று அதனை மேசையில் விட்டுவிட்டால் பின் ஆக்சில் ஷாப்டின் ஆயுள் குறைந்தது. சி.ஜே.3பி போன்ற வகைகளில் பின் சக்கரத்தைத் தாங்குவதும் அந்த ஷாப்டே என்பதையும் நினைக்க. அது வெளி முனையில் முறிந்தால் வண்டி நிற்பதோடு முடியாது, சக்கரமே கழன்று ஓடும்.

முடிவாக ஒன்று. தாய்மார்களும் கேட்க வேண்டும். வழியில் டயர் மாற்றும்போது வண்டிக்கு அருகே நிற்பவர்கள் நீங்களும் குழந்தைகளும். வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதன்று. டிரான்ஸ்பர் கேஸிலிருந்து பின்னோக்கிப் புறப்படும் ஷாப்டைப் பிடிப்பது. பின் ஷாப்டைக் கழற்றினால் பின் சக்கரங்களுக்குக் கைப்பிரேக் இல்லை. ஆக்சில் ஷாப்ட் முறிந்தாலும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கும்போதே பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினாலும் இல்லை. ஏனெனில் தூக்கிய சக்கரம் ஒரு புறம் சுழல, தரையிலுள்ள சக்கரம் மறுபுறம் உருளும். கியரில் போட்டு வைத்தாலும் இதே நிலைதான். முன் இணைப்பைப் போட்டு வைத்தால் ஓரளவு பிடிக்கும். ஆயினும் அதனை நம்பி வண்டிக்கு அடியில் படுத்தல் ஆகாது. சரிவில் எந்த உறுப்பைக் கழற்றுவதானாலும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கீழ்ப்புறம் ஆப்பு வடிவக் கட்டை இரண்டு வைத்த பின்பே ஸ்பானரை எடுக்க வேண்டும். உருண்டைக் கல் வேண்டா. அது டயரோடு சேர்ந்து உருளும். கட்டையைச் செதுக்கி வண்டியிலேயே கயிற்றில் கட்டி வையுங்கள். போடிக்கும் கம்பத்துக்கும் கடிதம் எழுதும்போது இதனையும் ஒரு வரி எழுதுங்கள்.

இவ்வளவில் அமைகின்றோம்.