கட்டற்ற மென்பொருளும் நம் இளைஞரின் பொழுதும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு ‘கணினித் துறையும் நம் இளைஞரும்’ என்பதாகும். மிகப் பரந்த தலைப்பு. அதில் ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விழைகிறோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, வேலூர் ஆகிய ஊர்களில், டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் இன்று பட்டம் பெற்று, சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். பகலெல்லாம் நிறுவனத்தின் வேலையைப் பார்த்துவிட்டு, இரவிலும் விடுமுறை நாளிலும் ஊதியம் எதுவுமின்றிக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்னும் பொதுப்பணியில் ஈடுபட விரும்புவோரும் அவர்களுள் உண்டு. அத்தகைய மகனைப் பார்த்து, “துட்டு வராத வேலைக்கு எதுக்குப்பா கண்ணு முழிக்கிற?” என்று ஒரு தாய் கேட்பாளாயின், அக்கேள்வி நியாயமானதே. அதற்கு நேர்மையான விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

கட்டற்ற மென்பொருள் யாது?

கணினியை இயக்கும் கட்டளைத் தொகுதிக்கு மென்பொருள் என்று பெயர். அக்கட்டளைகளை மனிதர் படித்தறியும் வடிவில் எழுதியது மூலநிரல். பல நிறுவனங்கள் மூலநிரலைப் பூட்டி வைத்துக்கொண்டு, இயங்கும் பொருளை மட்டும் விலைக்கு விற்கின்றன. இவ்வழக்கத்தை எதிர்த்து, 1983 செப்டம்பரில் அமெரிக்க நாட்டின் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1984 சனவரியில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் தாம் பார்த்துவந்த வேலையை விட்டு விலகி அத்திட்டத்தில் இறங்கினார். மென்பொருளை எந்த நோக்கத்திற்கும் இயக்கலாம், மூலநிரலைப் படித்துத் தேவைக்கேற்ப மாற்றலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம், மாற்றியமைத்ததையும் வழங்கலாம். இந்நான்கு உரிமைகளும் உடையதே கட்டற்ற மென்பொருள் ஆகும்.

1991 ஆகஸ்டில், பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது இளைஞர், தாம் பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதிவருவதாக உலகிற்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ். இன்று நம் பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் அதுவே. அதன்பொருட்டு அவர் பட்டினி கிடந்தாரல்லர். படிப்பை முடித்தார், 1997இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தில் வேலைக்கு அமர்ந்தார், 2003இல்தான் லினக்சையே முழுநேரப் பணியாகக் கொள்ளும் ஏற்பாடு அவர்க்கு வாய்த்தது. பிழைப்பும் பொதுப்பணியும் நெடுங்காலம் அருகருகே நடந்தன என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

பூட்டிய ஏடு எத்தகையது என்பதை நம் சமூகத்திற்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. தலைமுறை தலைமுறையாக ஏட்டைத் தொடவும் எழுத்தை அறியவும் தடுக்கப்பட்ட மக்கள் நாம். ஆதலின், எவரும் திறந்து படிக்கலாம் என்னும் ஏற்பாட்டின் அருமை பிறரைக் காட்டிலும் நமக்கே நன்கு விளங்கும்.

தமிழ் மண்ணில் இப்பணி

இப்பணி தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. லினக்ஸ் பயனர் குழுக்கள் சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் முதலிய ஊர்களில் கூடிக் கற்றும் கற்பித்தும் வருகின்றன. விழுப்புரத்துக் குழு சிற்றூர் மாணவர்க்குப் பயிற்சி அளிப்பதைத் தன் தலையாய கடமையாகக் கொண்டுள்ளது. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், ஆங்கிலத்தில் மட்டுமே கிடைத்துவந்த தொழில்நுட்பப் பாடங்களை எளிய தமிழில் எவரும் எடுத்தாளும் உரிமையோடு வழங்கியது. முத்தையா அண்ணாமலை அவர்கள் அமெரிக்காவில் இருந்துகொண்டே, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதத்தக்க ‘எழில்’ என்னும் கணினி மொழியை ஆக்கினார். இத்தகைய பணிகளில் ஈடுபட்டோருட் பெரும்பாலோர் வேறு வேலையால் குடும்பம் நடத்துவோரே.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்றுண்டு. பெங்களூரின் குடிசைப் பகுதி ஒன்றில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைச் சேர்ந்த தொண்டர்கள் ‘அம்பேத்கர் சமூகக் கணினி மையம்’ என்று பெயரிட்டு ஓர் அறையில் பழைய கணினிகளை அமைத்தனர். மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்போர் தம் ஓய்வு நாளில் அங்குச் சென்று, உழைப்பாளர் பிள்ளைகளுக்குக் கணினி கற்பித்தனர். ‘கிம்ப்’ என்னும் கட்டற்ற ஓவிய மென்பொருளைக் கொண்டு அப்பிள்ளைகள் படம் வரையக் கற்றனர். பழைய கணினி, விலையில்லா மென்பொருள், சிலரின் ஓய்வுப் பொழுது ஆகிய இம்மூன்றே அங்கு மூலதனம்.

வெட்டி வேறு, கொடை வேறு

இனித் தாயின் கேள்விக்கு வருவோம். ஊதியமில்லா உழைப்பு என்றதும் நம் மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. வெட்டி வேலை என்ற பெயரில் ஊருக்காக உழைத்துக் கூலி பெறாது திரும்பிய முன்னோரின் வரலாறு நம்முடையது. மறுத்தால் அடி, செய்தால் பெயரில்லை, விளைந்த பயனும் பிறர்க்கே. இன்றும் இதன் நிழல் முற்றும் நீங்கவில்லை. ஆம்பூர்ப் பகுதியில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காலணியின் மேற்புறத்தைக் கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று சிறு கூலி பெறும் தாய்மார் பலர். அக்காலணி கடல் கடந்து ஐரோப்பியக் கடைகளில் விலைபோகிறது. அதில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். தைத்தவள் பெயர் இராது.

கொடை என்பது வேறு. அதனை உரைத்துப் பார்க்க மூன்று வினாக்கள் போதும். நாமே விரும்பி ஏற்றோமா? வேண்டாமென்று மறுக்க நமக்கு உரிமை உண்டா? விளைந்த பயன் நமக்கும் நம்மவர்க்கும் திறந்திருக்கிறதா? மூன்றிற்கும் ‘ஆம்’ என்று விடை வருமாயின் அது கொடை; ஒன்றிற்கேனும் ‘இல்லை’ என்று வருமாயின் அது வெட்டியின் புதுவடிவம். கட்டற்ற மென்பொருளில் ஒருவர் செய்த ஒவ்வொரு திருத்தமும் அவர் பெயரோடும் நாளோடும் பதிவாகிறது. குனு பொது உரிமத்தின்கீழ் வெளிவந்த நிரலைத் திருத்திப் பிறர்க்கு வழங்குவோர், திருத்திய மூலநிரலையும் அவர்களுக்குத் தந்தாக வேண்டும், பூட்டிக்கொள்ள இயலாது. சிபாரிசு செய்ய எவருமற்ற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, அவன் எழுதிய நிரல் எவரும் காணக் கிடப்பதே சான்றிதழாகவும் உதவுகிறது. ஆனால், “அனுபவத்திற்காக ஆறு மாதம் சம்பளமின்றி வேலை செய்” என்று இலாப நோக்குடைய முதலாளி ஒருவர் கூறுவாராயின், அதனைப் பொதுப்பணி என்று எண்ணி மயங்கலாகாது.

பிழைப்பின் நடுவே பொதுப்பணி செய்யும் மரபும் நம்முடையதே. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். மருத்துவம் பார்த்த அப்பெருந்தகையே 1907 சூனில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கி, 1914இல் மறையும்வரை நடத்தினார். பின்னாளில் நம் வடஆர்க்காட்டு மக்கள் பலர் பிழைக்கச் சென்ற கோலார் தங்கவயலிலிருந்து அவ்விதழ் 1926இல் மீண்டும் வெளிவந்தது. டாக்டர் அம்பேத்கர் 1918இல் பம்பாய் சிடன்காம் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 1920இல் இலண்டன் சென்று படிப்பைத் தொடர்ந்தார். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவிய பின்னரும், 1925 முதல் கணக்கியல் பயிற்சி நிலையம் ஒன்றில் பகுதிநேரமாகச் சட்டம் கற்பித்தே வருவாயை நிரப்பிக்கொண்டார். பொதுவாழ்வில் நின்றவர் வீட்டு அரிசிக்கணக்கை மறந்தாரல்லர்.

தனியொருவர் சுமந்தால்

பொதுப்பணியில் ஒரு பேரிடரும் உண்டு. அதை மறைத்தல் தகாது. கோப்புகளைச் சுருக்கி வைப்பதற்கு உதவும் ‘எக்ஸ்-இசட்’ என்னும் கட்டற்ற மென்பொருள் உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் உள்ளது. அதனைப் பல்லாண்டுகள் பேணிவந்தவர் பெரும்பாலும் தனியொருவரே. ஊதியம் ஏதும் இல்லை. 2022இல் சிலர், ‘ஏன் இத்தனைத் தாமதம்?’ என்று அவரை நெருக்கினர். தம் மனநலம் இடந்தரவில்லை என்பதையும், இஃது ஊதியமற்ற ஓய்வுநேரப் பணி என்பதையும் அவர் நினைவூட்டினார். அவ்வேளையில் உதவிக்கு வந்த ஒருவர் மெல்ல மெல்ல நம்பிக்கை பெற்றுப் பொறுப்பையும் பெற்றார். 2024இல் அம்மென்பொருளுக்குள் பிறர் கணினியில் நுழைவதற்கான கள்ள வழி ஒன்று புகுத்தப்பட்டது. ஆந்திரஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், கணினியில் நுழைவதற்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகப் பிடிப்பதைக் கண்டு ஐயுற்று ஆராய்ந்து, 2024 மார்ச் 29 அன்று உண்மையை வெளியிட்டார். பெருங்கேடு தவிர்ந்தது.

கெட்ட எண்ணம் கொண்டவன் புகுந்த வாயில் எது? சோர்ந்துபோன ஒரு நல்ல மனிதரின் தனிமையே அவ்வாயில். உலகமே பயன்கொண்ட பணியைத் தாங்க அவரருகில் இன்னும் நான்கு பேர் இருந்திருப்பின் அவ்வாயில் அடைபட்டிருக்கும். தனியொருவர் தன்னை உருக்கிச் செய்யும் தொண்டு பாராட்டிற்குரியதேயாயினும், அது நீடிப்பதில்லை. இடையில் முறிந்தால் பலரையும் வீழ்த்துகிறது.

இளைஞர் கொள்ளத்தக்க நெறிகள்

ஆதலின் இளைஞர்க்குச் சில கூற விரும்புகிறோம். முதலாவது, வாழ்வாதாரம். கல்விக் கடனும் தங்கையின் படிப்பும் தந்தையின் மருந்துச் செலவும் தலைமேல் நிற்கும்போது வேலையைத் துறந்து தொண்டிற்கு ஓடுதல் நம் நிலைக்கு ஏற்றதன்று. வேலை ஒப்பந்தத்தையும் ஒருமுறை முழுதும் படித்தல் வேண்டும். அலுவல் நேரத்திலோ நிறுவனத்தின் கணினியிலோ எழுதிய நிரல் நிறுவனத்திற்கே உரியது என்று அதில் எழுதியிருத்தல் கூடும். அவ்வாறாயின் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுக.

இரண்டாவது, உடல். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கைகால் வெந்த தலைமுறையின் மக்கள் நாம். உடலைத் தேய்த்து உழைத்தால் முடிவு என்னவாகும் என்பதை வீட்டிலேயே கண்டிருக்கிறோம். நாற்காலியில் அமர்ந்து செய்வதாயினும் உறக்கம் கெட்டால் உடல் கெடும். வாரத்தில் இன்ன நாள், இன்ன மணி என்று வரையறுத்துக்கொண்டு, அம்மணி கடந்ததும் எழுந்துவிடுதல் நன்று.

மூன்றாவது, இல்லம். மகன் கணினிமுன் அமர்ந்திருக்கும் இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது? ஷூ கம்பெனியிலிருந்து திரும்பிய தாயும் தமக்கையும் சோறாக்கிப் பாத்திரம் துலக்கியதனால் வந்தது. அண்ணல் இலண்டனில் படித்த நாளில் பம்பாயில் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கியவர் ரமாபாய் அம்மையார் என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே, பொதுவுக்கு உழைக்க விரும்பும் இளைஞன் முதலில் வீட்டு வேலையில் தன் பங்கைச் செய்யட்டும். தங்கைக்கும் அதே கணினிமுன் அதே இரண்டு மணி நேரம் கிடைக்கட்டும்.

நான்காவது, பகிர்வு. எப்பணியையும் இரண்டாமவர் ஒருவர்க்குக் கற்பித்துக்கொண்டே செய்க. செய்முறையைத் தெளிவாக எழுதி வைத்திடுக. இயலாதபோது ‘இம்மாதம் இயலாது’ என்று நாணாது கூறுக. தாமே விரும்பி ஏற்றதை இறக்கி வைக்கும் உரிமையும் தமக்கு உண்டு.

சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம்

இச்சங்கமும் இத்தகைய பணியாலேயே வளர்ந்தது. ஷிப்டு முடித்து வந்தோர், ஆசிரியர், அலுவலக ஊழியர் முதலியோர் மாலைப் பொழுதை ஈந்து மாலைப் பள்ளி நடத்தினர், சந்தா திரட்டினர், விண்ணப்பங்களை நிரப்பித் தந்தனர். ஆயின் இங்கும் ஒரே சிலரே சுமந்துவந்துள்ளனர். அவர்கள் முதுமையடைந்து வருகின்றனர்.

எனவே, வெள்ளி விழா ஆண்டில் மூன்று செயல்களை முன்மொழிகிறோம். ஒன்று, சங்கத்தின் ஒவ்வொரு பொறுப்பிற்கும் இளைஞர் ஒருவரைத் துணையாக அமர்த்திப் பழக்குக. இரண்டு, நிறுவனங்கள் ஒதுக்கிய பழைய கணினிகளைப் பெற்று, லினக்ஸ் நிறுவி, மாலைப் படிப்பறை ஒன்றைத் திறக்குக. கேரளத்தின் அரசுப் பள்ளிகளிலேயே கட்டற்ற மென்பொருளைக் கொண்டு கணினிக் கல்வி நடைபெறும்போது நம்மால் ஓர் அறையில் இயலாதா? மூன்று, வெளியூரில் பணிபுரியும் நம் பொறியாளருள் நால்வர் முன்வந்தால், மாதத்திற்கு ஒருவர்க்கு ஒரு ஞாயிறு மட்டுமே முறை வரும். எவர் வீடும் வாடாது, படிப்பறையும் மூடாது.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை துட்டு வராத வேலைக்குக் கண் விழிப்பானாயின், அவனை உடனே தடுக்கவும் வேண்டா. அப்படியே விட்டுவிடவும் வேண்டா. “உன்னோடு இதைச் செய்வதற்கு இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். ‘நால்வர் இருக்கிறோம்’ என்று அவன் கூறினால் மனம் மகிழுங்கள். ‘நான் ஒருவனே’ என்றால், இச்சங்கத்திற்கு அனுப்பிவையுங்கள்.

சங்கம் வாழ்க! கல்வி வளர்க!